சுவருக்கு எந்த நார்? வெப்பமண்டல அழகுக்குச் சில வழிகள், ஓர் ஒப்பீடு

வெப்பமண்டலப் பாணியில் வீட்டை அலங்கரிக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் பலருக்கும் கண்முன் வருவது பெரிய பெரிய வாழை இலைகள் அச்சடித்த வால்பேப்பர்தான். 1942இல் அமெரிக்காவில் உருவான ஒரு வாழை இலை வால்பேப்பர், பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் நடைகூடங்களில் ஒட்டப்பட்டு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. இன்று சந்தையில் கிடைக்கும் இலை அச்சுகளில் பாதி அதன் பேரன் பேத்திகள் என்றே சொல்லலாம். அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடைகூடம் என்பது அரை நிமிடத்தில் கடந்துபோகும் இடம். தினமும் படுத்து எழும் அறையில் நான்கு பக்கமும் அத்தனை இலைகள் இருந்தால் மூன்றே மாதத்தில் கண் களைத்துவிடும்.

கோரை, சணல், பிரம்பு, மூங்கில், பனை நார், தக்கை, சுண்ணாம்பு என்று இயற்கையாகக் கிடைக்கும் பொருள்களையே சுவருக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. இதில் வடிவமே இருக்காது. இழையும் நிழலும் மட்டும்தான் இருக்கும். வருடங்கள் போனாலும் அலுக்காதது இதுதான் என்பது என் அனுபவம். சிக்கல் என்னவென்றால், ‘இயற்கைச் சுவர் உறை’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குணம் கொண்டவை. ஒன்று தண்ணீரைக் குடிக்கும், இன்னொன்று தள்ளும். ஒன்று வெயிலில் மஞ்சளாகும், இன்னொன்று வெளுக்கும். படத்தைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டேன்.

என் படுக்கையறையின் வெளிச்சுவரில், அதாவது மறுபக்கம் மழை நேராக அடிக்கும் சுவரில், சணல் இழை நெய்த தாளை ஆசை ஆசையாக ஒட்டினேன். முதல் சில மாதங்கள் அறைக்குள் நுழையும்போதெல்லாம் மனசு நிறைந்தது. ஒரு மழைக்காலம் முடிந்தபோது கட்டிலுக்குப் பின்னால், காற்றே போகாத இடத்தில், மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். துடைத்தேன், நாருக்குள் இன்னும் ஆழமாக இறங்கின. கடைசியில் அந்தச் சுவர் முழுவதையும் உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. தாளின் மீது குற்றமில்லை. தவறான சுவரில் அதை ஒட்டியதுதான் குற்றம். அதனால் எந்தப் பொருள் அழகு என்ற கேள்விக்கு முன்னால், எந்தச் சுவர் எதைத் தாங்கும் என்ற கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.

சுவரைக் கேட்பது எளிது. ஒரு முழ அகலத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தாளை எடுத்து நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 2 நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருந்தால், சுவருக்குள் ஓதம் இருக்கிறது. அந்தச் சுவரில் எந்த உறையும் வேண்டாம். புதுச் சிமெண்ட் பூச்சாக இருந்தால் குறைந்தது 28 நாளாவது ஆற விடுங்கள். அதற்குப் பிறகும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே ஒட்டுங்கள்.

புல் நெசவுத் தாள்

கிராஸ்கிளாத் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். நாரைக் கைத்தறியில் நெய்து, பின்னால் தாள் ஒட்டி, ரோலாகச் சுற்றித் தருவார்கள். இதன் பூர்வீகம் கிழக்காசியா. ஜப்பானின் ககேகவா பகுதியில் குட்ஸு என்ற கொடியின் நாரிலிருந்து துணி நெய்து சாமுராய்களுக்கு உடை தைத்தார்கள். 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக் காலத்தில் அந்த உடை வழக்கொழிந்ததும் நெசவாளர்கள் தறியை விட்டுவிடவில்லை. அதே துணியை நகர்கதவுக்கும் சுவருக்கும் திருப்பினார்கள். அங்கிருந்துதான் மேலைநாட்டு வீடுகளின் வரவேற்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது வருவதில் சணலும் சிசல் கற்றாழை நாரும் கோரையும்தான் அதிகம். சீகிராஸ் என்று பெயர் போட்டிருந்தால் கடலுக்கடியில் வளரும் புல் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது உப்பங்கழி ஓரம் வளரும் கோரை வகை. பாய் நெய்யும் கோரைக்கு நெருங்கிய சொந்தம். மூன்றில் சணல்தான் தொட மிகவும் மென்மை, பார்க்கவும் இதம். ஆனால் காற்றின் ஈரத்தை அது தாராளமாக உறிஞ்சும். அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுப் பழுத்து மஞ்சளாகும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி, நடுவில் ஒரு படம் மாட்டி, 2 வருடம் கழித்துப் படத்தைக் கழற்றிப் பாருங்கள். அதன் சட்டம் நிழலாகச் சுவரில் நிற்கும். சிசல் முரட்டு நார். சாயம் நன்றாகப் பிடிக்கும், ஆழ்ந்த பச்சையும் கருநீலமும் அதில் எடுப்பாக வரும். ஒரு கை தண்ணீர் தெறித்தால் மட்டும் அந்தக் கறை போகவே போகாது. கோரை அதைவிட வழவழப்பு, கொஞ்சம் பளபளப்பும் உண்டு. மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் தேர்வு கோரை. வெயிலில் நிறம் மாறினாலும் பழைய பாய் மாறுவது போல ஒரே சீராக மாறும்.

அப்புறம் இணைப்பு. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அச்சு வால்பேப்பரில் ஒரு துண்டின் இலை அடுத்த துண்டின் இலையோடு சேரும், இணைப்பு மறைந்துவிடும். நார்த் தாளில் சேர்ப்பதற்கு வடிவமே இல்லை. கையால் நெய்ததால் ஒரு துண்டின் ஓரத்து இழையும் அடுத்த துண்டின் ஓரத்து இழையும் ஒருநாளும் நேராகச் சேராது. நிறமும் ஓரிழை கூடக் குறைய இருக்கும். அதனால் ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பட்டையாகத் தெரியும். இது குறையல்ல, நெசவின் இயல்பு. ஆனால் ஒரே சீரான சுவரை எதிர்பார்ப்பவர் இதைப் பார்த்து நொந்துபோவார். உங்களுக்கு எது பிடிக்கும் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டைகள் பிடிக்காது என்றால் இந்த வகையை விட்டுவிடுவதே நல்லது. கொஞ்சம் தாங்குவேன் என்றால் ஒரே நிறச் சாயத்தைத் தவிர்த்து, இரண்டு மூன்று நிற இழைகள் கலந்த நெசவை எடுங்கள். கண் இழைகளிலேயே அலைவதால் இணைப்பு அவ்வளவாகத் துருத்தாது.

கொஞ்சம் சீரான நார்கள்

அபாக்கா, ராஃபியா, முறுக்குத் தாள் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். அபாக்கா பிலிப்பைன்ஸுக்குச் சொந்தமான மரம். வாழைக் குடும்பம்தான், பழத்துக்காக அல்லாமல் நாருக்காக வளர்க்கிறார்கள். உப்புத் தண்ணீரைத் தாங்கும் வலு இருந்ததால் கப்பல் வடங்கள் ஒரு காலத்தில் இதில்தான் முறுக்கப்பட்டன. சுவரில் ஒட்டினால் மெல்லிய பட்டு மினுக்கம் கொடுக்கும். ராஃபியா என்பது மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் வளரும் பனை வகை. அதன் இளங்குருத்தோலையின் மேல்தோலை உரித்து நாராக்குகிறார்கள். தொடுவதற்கு இத்தனை இதமான சுவர் வேறில்லை, விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறிவிடும். ஆகவே சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒரு சுவர், அல்லது வாசலில் நுழைந்ததும் கண்படும் இடம் என்று அளவாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முறுக்குத் தாளைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். தாளை நூலாக முறுக்கி நெய்தது அது. பார்வைக்குப் புல் நெசவு மாதிரியே இருக்கும், இழை மட்டும் ஒரே பருமனாக வரும். எனவே இணைப்புகள் குறைவாகத் தெரியும், ஒட்டுகிறவருக்கும் வேலை சுலபம். முதல்முறை முயல்பவருக்கு நான் இதையே சொல்வேன். இயற்கைப் பொருள்தானா என்ற சந்தேகம் வேண்டாம், தாளும் மரம்தான்.

இவை எவற்றையும் தண்ணீர் விட்டுத் துடைக்க முடியாது. மென்மையான பிரஷ் மாட்டிய வேக்கம் கிளீனரால் மேலிருந்து கீழாகத் தூசி எடுக்கலாம், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளின் கை படும் உயரத்திலும், பூனை நகம் தீட்டும் இடத்திலும், அடுப்புக்குப் பக்கத்திலும் நார்ச்சுவர் வேண்டாம்.

வினைல் போலி

இவ்வளவு தொல்லை எதற்கு, நார் மாதிரியே அச்சழுத்திய வினைல் இருக்கிறதே, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாமே என்று கடையில் சொல்வார்கள். வறண்ட ஊரில் இந்த வாதம் எடுபடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில், அதுவும் ஏசி ஓடும் அறையின் வெளிச்சுவரில், வினைல்தான் இருப்பவற்றிலேயே மோசமான தேர்வு.

வெளியே சூடான ஈரக்காற்று, உள்ளே குளிர்ந்த சுவர். நீராவி எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். பூச்சுக்குள் மெல்ல நுழைந்து வந்து, அறைக்குள் ஆவியாகிப் போக வேண்டிய கடைசி இடத்தில் வினைல் கதவைச் சாத்தி நிற்கிறது. குளிர்ந்த வினைலின் முதுகில் அந்த ஆவி நீராக உட்காருகிறது. அங்கே பசையும் தாளும் தயாராக இருக்கின்றன. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. சுவர்ப் பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்; வினைலுக்குப் பின்னால் அது மாதக்கணக்கில் நிற்கும். வெளியே தெரியும்போது இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு படலம் மெல்ல ஊறும். உரித்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. வெப்பமான ஈர ஊர்களின் ஹோட்டல்களில் கட்டட நிபுணர்கள் திரும்பத் திரும்பக் கண்ட பிரச்சினை இது.

என் சணல் சுவராவது வெளிப்படையாகக் கறுத்து எனக்குச் சொல்லிவிட்டது. வினைல் கடைசிவரை மறைத்து வைத்திருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும். வினைல் வேண்டுமென்றால் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் உட்சுவரில் மட்டும் வையுங்கள்.

தக்கை

தக்கை கொஞ்சம் தனிப்பிறவி. கார்க் ஓக் மரத்தின் பட்டை அது. மரம் 25 வயதை நெருங்கியதும் முதல் பட்டையை உரிப்பார்கள், அதன்பின் சுமார் 9 ஆண்டுக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை, பட்டை திரும்ப வளர்ந்துவிடும். உலகத் தக்கையில் பாதியளவு போர்ச்சுக்கல் தருகிறது. சூபரின் என்ற மெழுகுப் பொருள் இருப்பதால் தண்ணீர் எளிதில் ஊறாது. நார்களைவிட ஈரத்தை நன்றாகத் தாங்கும்.

வெப்பமண்டலத்து மரம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், மத்தியத்தரைக் கடல் மரம். ஆனாலும் மரக்கட்டையும் பிரம்பும் உள்ள அறையில் அதன் பழுப்பு அழகாகப் பொருந்துகிறது. மெல்லிய சீவலாகத் தாளில் ஒட்டி, இடுக்குகளில் பொன்நிறம் தெரியும்படி செய்த வகை இரவு விளக்கில் தனி அழகு. படிக்கும் அறைக்கும் வேலை செய்யும் மேசைக்குப் பின்னாலும் வைக்கலாம். தடித்த தக்கை ஓடுகள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். நார்த் தாள் ஒலியை அடக்கும் என்று விற்பவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த மெல்லிய இழைக்கு அவ்வளவு சக்தி இல்லை. தக்கையின் குறை, அறை இருண்டுவிடும். நேர் வெயில் பட்டால் வெளுக்கும்.

சுண்ணாம்பு, அல்லது ஒன்றுமே ஒட்டாமல் இருப்பது

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கி, வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செதுக்கிய லுனுகங்கா தோட்ட வீட்டின் படங்களைப் பாருங்கள். வெப்பமண்டலக் கட்டடக் கலைக்கு உலகமே எடுத்துக்காட்டும் இடம் அது. சுவர்கள் பெரும்பாலும் வெறும் வெள்ளை. அழகெல்லாம் திறப்புகளிலும் நிழலிலும் பழைய மரத்திலும் இருக்கிறது. சுவர் உறை பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

சுண்ணாம்புப் பூச்சு புதிதாக இருக்கும்போது அதன் காரத்தன்மை pH அளவில் 12க்கு மேல், பூஞ்சை அண்டாது. நாளாக ஆக அந்தக் காரம் குறைந்துவிடும், என்றாலும் நீராவி அதன் வழியே போய்வர முடியும் என்பதால் ஈரம் சிறைப்படாது. மழையடிக்கும் வெளிச்சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. சணலை உரித்தெடுத்த என் சுவருக்குக் கடைசியில் சுண்ணாம்பில் காவிமண் கலந்துதான் பூசினேன். பூசின கையின் வீச்சு தெரியும், மேகம் மாதிரி அங்கங்கே நிறம் கூடிக் குறையும். நார் தந்த அதே இதம் அதிலும் கிடைத்தது. சுவரை ஆளுயரத்துக்கு மொழுமொழுவென்று செய்ய வேண்டுமானால், குளியலறை மாதிரி இடத்தில், மொராக்கோவின் மராகேஷ் வழக்கமான தடெலாக்ட் இருக்கிறது: சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பால் அடைப்பார்கள். கைதேர்ந்தவர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். சுண்ணாம்பின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் வினைலின் கதையேதான் திரும்ப நடக்கும்.

சட்டமிட்ட பாய்

எனக்கு மிகப் பிடித்த வழி எந்த வால்பேப்பர்க் கடையிலும் இருக்காது. நார்த் தாளையோ நல்ல கோரைப் பாயையோ பிரம்புப் பின்னலையோ சுவரில் ஒட்டாமல், மெல்லிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி மாட்டிவிடுவது. பின்னால் காற்று ஓடும். பசையே இல்லை, ஆகவே கஞ்சிப் பசையைத் தின்னவரும் ராமபாணப் பூச்சிக்கும் வேலை இல்லை. மழைக்காலம் முடிந்ததும் கழற்றி நிழலில் காற்றாட வைத்து, தூசி தட்டி, திரும்ப மாட்டலாம். வாடகை வீட்டிலிருந்து கிளம்பும்போது கூடவே எடுத்துப் போகலாம். இணைப்புகூட இதில் தொல்லை இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சட்டம் இருப்பதால், பட்டை பட்டையாகத் தெரிவதே வேண்டுமென்று செய்த வடிவம் போலாகிவிடும்.

கட்டிலின் தலைமாட்டுக்கு மூன்று சட்டம் அடுத்தடுத்து மாட்டினாலே அறை மாறிவிடும். பிரம்புப் பின்னல் தளர்ந்தால் பின்பக்கம் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் காய விடுங்கள், திரும்ப விறைக்கும். மூங்கிலும் பிரம்பும் வாங்கும்போது போராக்ஸ் கரைசலில் பதம் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். அவற்றிலுள்ள மாவுச்சத்துக்குத் துளைவண்டு வரும். சட்டத்துக்குக் கீழே தரையில் மாவு மாதிரி தூள் கொட்டிக்கிடந்தால் அது வண்டின் வேலைதான். தங்கும் அறையின் சுவர் முழுவதையும் மறைக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்த வழி பத்தாது என்பது உண்மை.

சரி, எதை எடுப்பது? மழையோ மேற்கு வெயிலோ அடிக்கும் வெளிச்சுவர் என்றால் சுண்ணாம்பு, அதன்மேல் வேண்டுமானால் சட்டமிட்ட பாய். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உலர்ந்த உட்சுவர் என்றால் கோரையோ அபாக்காவோ தாராளமாக ஒட்டலாம். முதல்முறை என்றால் முறுக்குத் தாள். படிப்பறைக்குத் தக்கை. குளியலறைக்கும் சமையலறைக்கும் நார் வேண்டவே வேண்டாம். இலை அச்சு மேல் ஆசை விடவில்லை என்றால் கைகழுவும் இடம், மாடிப்படித் திருப்பம் போன்ற சின்ன இடத்தில் ஒரே ஒரு சுவரில் வைத்துவிட்டு, மற்றதெல்லாம் அமைதியாக இருக்கட்டும். ஒரே அறையில் இலை அச்சு, பிரம்பு நாற்காலி, மூங்கில் திரை, நார்ச்சுவர் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் அது கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசை மாதிரி ஆகிவிடும். நார்ச்சுவர் இருக்கும் அறையில் மர நிறமும் வெள்ளைப் பருத்தியும் நிஜச் செடி ஒன்றும் போதும்.

ஒட்டத் தீர்மானித்தவர்களுக்குச் சில வேலைகள். சுவருக்கு முதலில் பிரைமர் அடித்து, தாளின் நிறத்துக்கு நெருங்கிய வண்ணத்தையும் பூசிவிடுங்கள். ஏசியின் வறட்சியில் நார் சுருங்கி இணைப்பு மயிரிழை விலகினாலும் வெள்ளைக்கோடு தெரியாது. பசை நிறமற்றதாக, கறை படியாததாக இருக்க வேண்டும், முன்பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் அது நிரந்தரம். ஒரே சாயத் தொகுதி எண்ணுள்ள ரோல்களாக, கணக்கைவிட ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள். பிறகு கேட்டால் அதே நிறம் கிடைக்காது. வெட்டிய துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, நிறம் ஒத்துப்போகும்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பின்புறம் பென்சிலால் எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுகிறவருக்கு நார்த் தாளில் பழக்கம் உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாதிரித் துண்டு. கையகலத் துண்டு போதாது, குறைந்தது ஒரு முழம் கேளுங்கள். இரண்டு துண்டு கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைப்பையும் பார்க்கலாம். ஒட்டப்போகும் அதே சுவரில் குண்டூசியால் குத்தி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை பாருங்கள். ராத்திரி 2700 கெல்வின் மஞ்சள் விளக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தும் பாருங்கள். இழைகளின் நிழல் அப்போதுதான் எழும். பூச்சில் மேடுபள்ளம் இருந்தால் அதுவும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும், ரோலுக்குப் பணம் கட்டும் முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடலாம்.